உள்மரம்: மிம்பர் முதல் கிதாபு அலமாரி வரை

கீழ்பென்னாத்தூரிலோ, செஞ்சிச் சாலையை ஒட்டிய ஊர்களிலோ, திருவண்ணாமலை நகரிலோ ஒரு தச்சுக்கூடத்துக்குச் சென்று அலமாரி செய்யச் சொன்னால், தச்சர் முதலில் அளவைக் கேட்பார். அடுத்து மரத்தைக் கேட்பார். "தேக்கு" என்று பெருமிதத்தோடு சொல்லிவிட்டு நாம் திரும்ப முற்படும்போது மூன்றாவதாக ஒரு வினா வரும்: "உள்ளுக்கு என்ன போடுறது பாய்?" நம்மில் பெரும்பாலோர் இதற்கு ஆயத்தமாக இருப்பதில்லை. "ஏதோ பார்த்துப் போடுங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த வினாவுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. கண்ணுக்குத் தெரியும் முகப்பை ஒரு மரத்திலும், மறைவாக நிற்கும் சட்டம், முதுகுப் பலகை, இழுப்பறையின் பக்கங்கள், அடிப்பலகை ஆகியவற்றை வேறு மரத்திலும் அமைப்பது உலகெங்கும் தச்சர்கள் கைக்கொண்ட முறை. இந்த மறைவான மரத்துக்குத் தமிழில் நிலைபெற்ற கலைச்சொல் இல்லை. "உள் வேலைக்கு நாட்டு மரம்" என்று பட்டறையில் பேசிக்கொள்வார்கள். அரபியில் ஆடையின் புறத்துணியை 'ழிஹாரா' என்றும், உள்துணியை 'பிதானா' என்றும் இணைச்சொற்களாக வழங்குவர். அதே வழியில் புறமரம், உள்மரம் என இக்கட்டுரையில் வழங்குவோம். 'பிதானா' என்ற சொல்லின் பன்மை திருக்குர்ஆனில் அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 54ஆம் வசனத்தில் வருகிறது. சுவனத்து விரிப்புகளைப் பற்றிச் சொல்லும் அவ்விடத்தில் உள்துணி தடித்த பட்டு என்று மட்டுமே கூறப்படுகிறது. புறத்துணி பற்றிப் பேச்சே இல்லை. உள்ளே இருப்பதே இத்தகையது என்றால் வெளியே இருப்பதைச் சொல்லவும் வேண்டுமோ என்று விரிவுரையாளர்கள் இதற்கு விளக்கம் தந்துள்ளனர். ஒரு பொருளின் தரத்தை அதன் உட்புறத்தைக் கொண்டு மதிப்பிடும் பார்வை இது.

தமிழகத்தில் இவ்வரலாற்றைத் தேடப் புகுவோர்க்கு முதலில் ஏமாற்றமே எஞ்சும். கல் நிற்கிறது, மரம் நிற்பதில்லை. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் 1717–18இல் செஞ்சிக் கோட்டையில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் உள்ளது; அக்காலத்து மக்கள் தம் துணிமணிகளை எந்தப் பெட்டியில் வைத்தார்கள் என்பதைக் காட்ட அங்கே ஒரு பலகையும் இல்லை. கரையானும் ஈரமும் அடுப்பும் தின்றது போக மிஞ்சியிருப்பவை சொற்களே. எனவே சொற்களிலிருந்து தொடங்குவதே முறை.

கட்டில், பெட்டி, பேழை, பெட்டகம், தொட்டில், மணை ஆகியன நம் சொற்கள். மேசை போர்ச்சுக்கீசியச் சொல். அலமாரி, சாவி, ஜன்னல் ஆகியனவும் அவ்வழி வந்தவையே. இலங்கைத் தமிழர் நாற்காலியைக் 'கதிரை' என்பதும் போர்ச்சுக்கீசியத்தின் எச்சமே. 'பீரோ' பிரெஞ்சிலிருந்து பிறந்து ஆங்கிலம் வழியாக நம்மை அடைந்தது. தக்காண உருது பேசும் நம் வீடுகளில் நாற்காலி 'குர்ஸி' எனப்படும்; அது அரபு. அரபுச் சொல்லான 'ஸன்தூக்' என்பதற்குப் பெட்டி என்பதே பொருள். தமிழ் முஸ்லிம்கள் அச்சொல்லைச் சந்தூக்கு என்று சுருக்கி, ஜனாஸாவைச் சுமந்து செல்லும் பெட்டிக்கு மட்டுமே உரியதாக்கிக்கொண்டனர். மற்றெல்லாப் பெட்டிகளுக்கும் தமிழ்ச்சொல்லே போதுமானதாக இருந்தது போலும்.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நம் சொல்லால் வழங்கும் பொருள்களுக்கு மறைவான உட்பாகம் என்று ஒன்று கிடையாது. கட்டிலின் நான்கு காலும் நான்கு சட்டமும் எல்லாப் பக்கமும் தெரியும். பெட்டகத்தின் பலகை வெளியேயும் உள்ளேயும் அதே பலகைதான். குர்ஆன் ஓத விரிக்கும் ரைஹால் ஒரே பலகையைப் பாதியாகப் பிளந்து, நடுவில் ஒன்றுக்குள் ஒன்று கோத்த விரல்களாகக் குடைந்து செய்யப்படுவது. அதில் ஒட்டுக்கோ உள்மரத்துக்கோ இடமே இல்லை. இழுப்பறையும் அடுக்குத் தட்டும் முதுகுப் பலகையும் கொண்ட அலமாரி வந்த பிறகே உள்மரம் என்ற பிரச்சினை நம் தச்சனுக்கு முன்வந்தது. கடல் கடந்து வந்த பொருள்கள் தம் பெயர்களோடு தம் உள்மரக் கேள்வியையும் கொண்டுவந்தன எனலாம்.

புறமரத்தின் வரலாற்றில் நம் பங்கு வேறு வகையானது. அரபியில் தேக்குக்கு 'ஸாஜ்' என்று பெயர். நபிகளாரின் (ஸல்) பள்ளிவாசல் தொடக்கத்தில் பச்சைச் செங்கல் சுவரும், பேரீச்சங் கீற்றுக் கூரையும், பேரீச்ச மரத் தூண்களுமாக இருந்தது. உமர் (ரலி) அவர்கள் அதை அதே முறையில் விரிவுபடுத்தினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கற்களாலும் சாந்தாலும் சுவரெழுப்பி, கூரைக்கு ஸாஜ் மரத்தைப் பயன்படுத்தினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ஹிஜ்ரி 29, அதாவது கி.பி. 649–50 வாக்கில் நடந்த திருப்பணி அது. அரபு மண்ணில் தேக்கு விளைவதில்லை. இந்தியப் பெருங்கடலின் இக்கரையிலிருந்தே அது சென்றாக வேண்டும். துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் அக்லபிய அமீர் அபூ இப்ராஹீம் அஹ்மத் காலத்தில், 862–63இல் அமைந்த மிம்பர், இன்று எஞ்சியுள்ள மிம்பர்களில் மிகப் பழமையானது. முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளைக் கொண்ட அதுவும் தேக்கே. நாம் 'தேக்கு' என்று சொல்வதையே போர்ச்சுக்கீசியர் மலபாரில் கேட்டுத் 'தேகா' என்று திரித்தனர். ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே மூலம்.

தேக்கின்மீது இத்தனை பேரும் மோகம் கொண்டது வீணில்லை. அதன் வைரத்தில் இயற்கையாகவே அமைந்த வேதிப்பொருள்கள் கரையானையும் பூஞ்சையையும் விலக்குகின்றன. அதிலுள்ள எண்ணெய்ப்பசை, தைத்த இரும்பாணியைத் துருவிலிருந்து காக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது அசைவது குறைவு. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது வளையத்தின் போக்கில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடும், ஆரத்தின் போக்கில் அதில் பாதியும் மட்டுமே தேக்கு சுருங்கும். பல மரங்கள் இதைவிட மிகுதியாகச் சுருங்குபவை.

ஆயினும் எல்லா இடத்திலும் தேக்கே வேண்டும் என்று அக்காலப் பெருந்தச்சர்கள் கருதவில்லை. நபிகளாரின் (ஸல்) மிம்பரே அதற்குச் சான்று. மதீனாவுக்கு அருகில் 'அல்ஃகாபா' என்னுமிடத்தில் வளர்ந்த 'தர்ஃபா' வகை மரத்தால் அது செய்யப்பட்டது என்று ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். மூன்று படிகள், அருகில் கிடைத்த மரம், ஓர் அன்ஸாரிப் பெண்மணியின் பணியாளாக இருந்த தச்சர் ஒருவரின் உழைப்பு.

உள்மரத் தேர்வு ஒரு கலையாகவே முதிர்ந்த நிலையைக் காண வேண்டுமானால் மொராக்கோவுக்குச் செல்ல வேண்டும். முராபித் சுல்தான் அலீ இப்னு யூசுஃப் (ஆட்சி 1106–1143) மராக்கிஷில் தாம் கட்டிய பள்ளிவாசலுக்காக ஒரு மிம்பரைக் குர்துபாவில் செய்யப் பணித்தார். ஹிஜ்ரி 532 முஹர்ரம் முதல் நாளில், அதாவது 1137 செப்டம்பரில், பணி தொடங்கியதாக அதிலுள்ள எழுத்துப் பொறிப்பே கூறுகிறது. 1147இல் மராக்கிஷைக் கைப்பற்றிய முவஹ்ஹிதுகள் அதைத் தங்கள் குத்துபிய்யா பள்ளிவாசலுக்குக் கொண்டு சென்றனர். குத்துபிய்யா என்ற பெயரே அருகிலிருந்த கிதாபு வணிகர்களால் வந்தது என்பர். ஏறத்தாழ 3.86 மீட்டர் உயரமும், 3.46 மீட்டர் நீளமும், 0.87 மீட்டர் அகலமும் உடைய இம்மிம்பர் 1962இல் அல்பதீஃ அரண்மனைக்கு மாற்றப்பட்டது. 1996–97இல் மொராக்கோ வல்லுநர்களும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியக வல்லுநர்களும் சேர்ந்து இதைப் பாதுகாத்துச் செப்பனிட்டனர். அதன் உட்புறம் உலகுக்குத் தெளிவாகத் தெரியவந்தது அப்போதுதான்.

பக்கவாட்டில் நம் கண்ணைப் பறிப்பவை கருமரமும், இலந்தையும், பாக்ஸ் மரமும், எலும்பும் கொண்டு இழைத்த நட்சத்திரப் பின்னல்கள். இவை எல்லாம் மெல்லிய மேற்பூச்சே. இவற்றைத் தாங்கும் உடல் வட ஆப்பிரிக்கத் தேவதாரு. படிகள் முதலில் அக்ரோட்டு மரத்தில் அமைந்திருந்தன. தரையோடு தரையாக இருக்கும் அடிப்பாகம் ஃபர் எனும் ஊசியிலை மரம். ஒரே பொருளில் மூன்று உள்மரங்கள்! காரணத்தை ஊகிப்பது கடினமன்று. தேவதாரு இலேசானது, அதிகம் முறுகாதது, பூச்சி அண்டாத வாசம் உடையது. ஆயிரக்கணக்கான நுண்துண்டுகளை ஒட்டிய பரப்பு அசைந்தால் அத்தனையும் உதிர்ந்துபோகும். படியில் கதீபின் பாதம் வாரந்தோறும் ஏறி இறங்கும். அங்கே தேய்மானம் தாங்கும் இறுகிய மரம் வேண்டும். அடியில் இருப்பதற்கு நீண்ட நேரான சட்டம் போதும். விலை உயர்ந்தது, விலை குறைந்தது என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு அந்தக் குர்துபாத் தச்சர்கள் பிரிக்கவில்லை. ஒவ்வோர் இடமும் என்ன வேலை செய்கிறது என்று கேட்டுப் பிரித்திருக்கிறார்கள்.

இந்தியாவில் இதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது விசாகப்பட்டினத்து மரப்பொருள்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கும்பினி அதிகாரிகளுக்காக அவ்வூர்க் கைவினைஞர்கள் யானைத் தந்தம் பதித்த மேசைகளையும் நாற்காலிகளையும் பெட்டிகளையும் செய்தனர். தொடக்கத்தில் கருங்காலி, ஈட்டி போன்ற மரங்களில் தந்தத்தைப் பதித்தவர்கள், நூற்றாண்டின் பிற்பகுதியில் பொருள் முழுவதையுமே தந்தத் தகட்டால் போர்த்தத் தொடங்கினர். போர்வைக்கு உள்ளே பல பெட்டிகளில் இருப்பது சந்தன மரம்! தந்தத்தைவிட மலிவு என்பதற்காக மட்டுமே அதைத் தேர்ந்திருக்க முடியாது. நெருக்கமான இழை, குறைந்த அசைவு, பூச்சி நெருங்காமை, மூடியைத் திறந்தவுடன் எழும் மணம் ஆகிய நான்கும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன. உள்மரம் என்றாலே மட்டமான மரம் என்று எண்ணுவோர் இந்தப் பெட்டிகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மேலை நாடுகளில் பழம்பொருள் ஆய்வாளர் ஒரு மேசையைப் பார்த்தால் முகப்பை விட்டுவிட்டு இழுப்பறையை உருவிக் கவிழ்த்துப் பார்ப்பார். முகப்பில் இருக்கும் மஹோகனி கப்பலில் எங்கும் செல்லும். உள்ளே இருக்கும் பலகை அந்தத் தச்சனின் ஊர்க் காட்டு மரமாகவே இருக்கும். பாஸ்டன் நகரத்து வேலை எனில் உள்ளே வெள்ளைப் பைன். இங்கிலாந்து எனில் ஓக் அல்லது அங்கு இறக்குமதியான பைன். ஆக, முகப்பு வணிகத்தின் வரலாற்றைச் சொல்கிறது, உள்மரம் ஊரின் பெயரைச் சொல்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் பார்ப்போர் பர்மாவை நினைக்கிறார்கள். 1852இல் கீழ் பர்மாவும், 1885 போருக்குப் பின் மேல் பர்மாவும் ஆங்கிலேயர் வசமான பின்னரே அத்தேக்கு நம் துறைமுகங்களில் வந்து குவிந்தது. 2014இல் மியான்மர் அரசு உருட்டு மரத்தின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. இதற்கிடையே மலபார் கலெக்டர் கொனோலியும் அவருடைய அலுவலர் சாத்து மேனனும் 1840களில் நிலம்பூரில் தேக்கைப் பயிரிடும் முறையைத் தொடங்கிவைத்தனர். தேக்கு காட்டு மரம் என்ற நிலை மாறித் தோட்டப்பயிர் ஆனது. இதன் விளைவு நம் தச்சுக்கூடத்தில் எப்படித் தெரிகிறது என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இனி நம் பகுதி மரங்களுக்கு வருவோம். வட ஆர்க்காட்டு மண்ணில் வேலியோரத்திலும் ஏரிக்கரையிலும் வீட்டுக் கொல்லையிலும் வளர்பவையே நம் உள்மரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணமும் ஒரு குறையும் உண்டு.

வேம்பு முதலிடம் பெறும். கசப்பு ஏறிய அதன் வைரத்தைப் பூச்சி எளிதில் தொடாது. தட்டுக்கும் முதுகுச் சட்டத்துக்கும் ஏற்றது. இழை சில நேரம் முறுக்கோடு ஓடுவதால் இழைப்புளிக்கு அடங்காது என்று தச்சர் அலுத்துக்கொள்வார். வெளியே தெரியாத இடத்தில் அது குறையே அன்று. வாகையின் வைரம் இறுகியது. இழுப்பறை ஓடும் சட்டத்துக்கும், ஓயாமல் உராயும் பக்கப் பலகையின் கீழ் விளிம்புக்கும் அதைப் போட்டால் ஒரு தலைமுறை தேயாது. அதை அறுக்கும்போது எழும் தூள் மட்டும் தச்சரைத் தும்மவைத்துவிடும். பூவரசு நீடித்து நிற்கும் மரம்; அகலப் பலகையாகக் கிடைப்பது அரிது. மஞ்சக்கடம்பு வழுவழுப்பாக இழைபடுவதால் இழுப்பறைக்கென்றே பிறந்தது போன்றது. இப்போது கிடைப்பது அருகிவிட்டது. வெட்பாலையின் வெண்மையான நுண்ணிழை சிறு பெட்டிகளுக்கும் பொம்மைகளுக்கும் போய்விடும். கர்நாடகத்துச் சென்னபட்டண பொம்மைகள் அதில் செய்யப்படுபவை. பலாவை இலங்கையில் புறமரமாகவே மதித்துப் போற்றுகிறார்கள். நம் பக்கம் பழத்துக்காக மதிக்கிறோம். தேர் செய்வோர் விரும்பும் இலுப்பையை அலமாரிக்கு யாரும் கேட்பதில்லை, கனம் அதிகம்.

மாமரம்தான் மிகுதியாகப் பயன்படுகிறது. அகலமாகக் கிடைக்கும், விலை குறைவு, ஆணி பிடிக்கும். ஆனால் வெட்டியவுடன் அறுத்து உலர்த்தாவிட்டால் நீலம் பாயும். பக்குவம் செய்யாத மாம்பலகையில் வண்டு விழுவது உறுதி. இலவு இன்னும் இலேசு; ஈரம் பட்டால் நிலைக்காது. தீக்குச்சிக்கும் சரக்குப் பெட்டிக்கும் அது போதும், அலமாரிக்கு ஆகாது.

சில மரங்கள் தாம் நல்லவையாக இருந்தும் உள்ளே வைக்கத் தகாதவை. வேங்கையைச் சொல்லலாம். உறுதியில் தேக்குக்கு இளைத்ததன்று. ஆனால் ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் கக்கும். ஐப்பசி மழையில் சுவரின் ஈரம் முதுகுப் பலகைக்கு ஏறினால், மடித்து வைத்த வெள்ளைத் துணியில் அந்தக் கறை இறங்கிவிடும். கருவேலத்தின் துவர்ப்பு இரும்பாணியோடு சேர்ந்து கறுக்கும். ஆணியைச் சுற்றி மை வழிந்தது போன்ற வட்டம் படரும். கிதாபுகளை வைக்கும் அலமாரி என்றால் இன்னொரு கவலையும் உண்டு. ஓக் போன்ற சில மரங்கள் மூடிய இடத்தில் புளிப்பு ஆவியை வெளியிட்டுக் காலப்போக்கில் உலோகத்தையும் தாளையும் கெடுக்கின்றன என்று அருங்காட்சியகத்தார் கண்டறிந்து அத்தகைய மரங்களைத் தவிர்க்கின்றனர். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகைகளும் பசையின் ஆவியை நெடுங்காலம் கசியவிடுவன. நூறாண்டுப் பழமையான கையெழுத்துப் பிரதிகளைப் புதுப்பலகை அலமாரியில் பூட்டிவைக்கும் மத்ரஸா நிர்வாகிகள் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

மரத்தின் பெயரைவிட முக்கியமானது, பலகை மரத்தின் எப்பகுதியிலிருந்து அறுக்கப்பட்டது என்பது. எம்மரத்துக்கும் நடுவில் வைரமும் அதைச் சுற்றி வெள்ளையும் உண்டு. வெள்ளையில் மாவுச்சத்து இருப்பதால் துளைக்கும் வண்டுக்கு அதுவே விருந்து. இங்கேதான் நிலம்பூரில் தொடங்கிய மாற்றம் நம்மை வந்தடைகிறது. பதினைந்து, இருபது ஆண்டில் வெட்டப்படும் தோட்டத் தேக்கில் வெள்ளையின் பங்கு அதிகம். கடைக்காரர் தேக்கு என்று சொல்வது பொய்யில்லை. அந்த வெள்ளைப் பலகையும் தேக்கு மரத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அதைவிட முதிர்ந்த வேப்ப வைரம் பன்மடங்கு மேலானது. "முழுத் தேக்கு" என்று கேட்டு வாங்குவோர் பெரும்பாலும் பெயரைத்தான் வாங்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

தச்சு முறையைப் பற்றியும் ஒரு சொல். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதேயில்லை. அகலவாக்கில் ஆண்டு முழுதும் விரிந்து சுருங்கும். ஒன்றரை அடி அகலமுள்ள பலகை, கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் வேறுபடும். ஆதலால் தேர்ந்த தச்சர் இழுப்பறையின் அடிப்பலகையை நாற்புறமும் ஆணியடித்து இறுக்கமாட்டார்; காடி வெட்டி அதில் செருகி, பின்புறம் நகர இடம் விடுவார். மிஸ்ரின் பழைய கதவுகளிலும் மிம்பர்களிலும் சிறுசிறு துண்டுகளைக் காடியில் கோத்து நட்சத்திர வடிவில் அமைத்திருப்பதை அழகுக்காக மட்டும் என்று கொள்ளலாகாது. நல்ல மரம் அரிதான நாட்டில் துண்டுகளை வீணாக்காமல் பயன்படுத்தவும், வறண்ட காற்றில் ஒவ்வொரு துண்டும் தன் போக்கில் அசையவும் அவர்கள் கண்ட வழி அது. நம் அலமாரிகளின் உட்பலகை நடுவில் பிளந்திருந்தால் பழி பெரும்பாலும் மரத்தின்மேல் போடப்படுகிறது. ஆணியைப் பார்த்தால் உண்மை தெரியும்.

கடந்த கால் நூற்றாண்டில் உள்மரப் பட்டியலே மாறிவிட்டது. 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் பிறப்பித்த ஆணை காட்டு மரம் வெட்டுவதை நாடெங்கும் கட்டுப்படுத்தியது. தோட்ட மரங்களின் காலம் வலுப்பெற்றது. பால் வற்றிய பின் வெட்டப்படும் கன்னியாகுமரி, கேரள ரப்பர் மரங்கள் முன்பு விறகாகவே போயின. இப்போது போரான் உப்புக் கரைசலில் பக்குவம் செய்து பலகையாக்குகிறார்கள். அப்பக்குவம் உரிய காலத்தில் செய்யப்பட்டிருந்தால் ரப்பர் மரம் குறைசொல்ல முடியாத உள்மரம். பிளைவுட்டிலும் சாதாரண வகைக்கு ஐ.எஸ். 303, நீர் தாங்கும் கடல்சார் வகைக்கு ஐ.எஸ். 710 என்ற தர எண்கள் உண்டு. முதுகுப் பலகைக்கு நல்ல பிளைவுட் திடப்பலகையைவிடப் பொருத்தமானது என்றே சொல்வேன். அது அகலவாக்கில் அசைவதில்லை. இதை இழுக்கு என்று எண்ணத் தேவையில்லை.

எனில், உள்ளே வேறு மரம் வைப்பது வஞ்சகம் ஆகுமா? ஃபிக்ஹு நூல்கள் இவ்வினாவுக்கு மிக நெருங்கி வந்துள்ளன. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபிகளார் (ஸல்), உள்ளே ஈரத்தைக் கண்டு விற்பனையாளரிடம் வினவியதும், மழை பட்டது என்று அவர் கூற, மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கண்டித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவானவை. அங்கே குற்றம் ஈரத்தில் இல்லை, அதை மறைத்ததில் உள்ளது.

செய்யச் சொல்லி வாங்கும் உடன்படிக்கைக்கு ஹனஃபி மத்ஹபில் 'இஸ்திஸ்னாஃ' என்று பெயர். இல்லாத பொருளை விற்பதாக இருந்தும், மக்களின் நெடுநாள் வழக்கத்தை முன்னிட்டு அது ஆகுமாக்கப்பட்டது. உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டத்தின் 388 முதல் 392 வரையுள்ள பிரிவுகள் இதற்குரியவை. பொருளின் தன்மைகளை விவரிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தபின் எவரும் பின்வாங்கலாகாது. விவரித்தபடி அமையாவிட்டால் செய்யச் சொன்னவருக்கு ஏற்கவோ மறுக்கவோ உரிமை உண்டு. விவரிக்காமல் விட்டதற்கு என்ன செய்வது? அதே நூலின் 43ஆம் பிரிவு வழிகாட்டுகிறது: வழக்கத்தில் அறியப்பட்டது நிபந்தனையாகப் பேசியதற்கு ஒப்பாகும். ஆகவே எங்கள் வட்டாரத்தில் தேக்கு அலமாரி என்றால் இழுப்பறையின் அடிப்பலகை நாட்டு மரம்தான் என்பது எல்லாரும் அறிந்த வழக்கமாயின், தச்சர் அதைச் சொல்லாமல் வைத்ததும் வஞ்சகம் ஆகாது. வழக்கத்தைத் தாண்டி, கதவின் சட்டத்தையே ரப்பரில் செய்து மெல்லிய தேக்கு உறையை ஒட்டிக் கொடுத்தால் நிச்சயம் ஆகும். எது குறை என்பதை முடிவு செய்வதிலும் 338ஆம் பிரிவு அத்துறை அறிந்தோரின் மதிப்பீட்டையே அளவுகோலாக்குகிறது. ஆலிம்கள் இவ்விடத்தில் தச்சரிடம்தான் கேட்டறிய வேண்டும்.

ஷாஃபிஈ மத்ஹபின் நிலை இன்னும் நுட்பமானது. அங்கே செய்யச் சொல்லி வாங்குவது தனி உடன்படிக்கை அன்று. முழுத்தொகையை முன்னரே தந்து, தன்மைகளைத் துல்லியமாக வரையறுத்து முடிக்கும் 'ஸலம்' வணிகமாக இருந்தால் மட்டுமே செல்லும். இமாம் நவவி (ரஹ், மறைவு 1277) தம் மின்ஹாஜில், பல உறுப்புகள் கலந்து, அவற்றின் அளவை வரையறுக்க இயலாத பொருள்களில் ஸலம் கூடாது என்று கூறி, எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகத் தோலுறையான 'குஃப்'பைக் குறிப்பிடுகிறார். அதில் புறத்தோல், உள்துணி, இடையில் அடைத்த பொருள் என மூன்று உள்ளன. அவற்றின் அளவையும் அமைப்பையும் சொல்லால் முழுமையாக உரைக்க இயலாது என்று உரையாசிரியர்கள் காரணம் காட்டுகின்றனர். ழிஹாராவும் பிதானாவும் மீண்டும் நம் முன் வருகின்றன. இழுப்பறையும் இரட்டை உறையும் கொண்ட இன்றைய அலமாரியை அந்தக் குஃப்போடு ஒப்பிடுவதில் எனக்குத் தயக்கமில்லை. மறுபக்கம், இன்ன மரம், இன்ன நீளம், இன்ன கனம் என்று வரையறுத்துத் தனி மரத்தில் செய்யும் ஸலம் செல்லும் என்பதும் அந்நூல்களில் உள்ளதே.

எங்கள் பகுதியில் ஹனஃபிகளும், கடற்கரை ஊர்களிலிருந்து வந்து குடியேறிய ஷாஃபிஈகளும் ஒரே ஜமாஅத்தில் இருப்பர். பள்ளிவாசல் நிதியில் அலமாரி செய்ய வரும் விலைப்பட்டியலில் "தேக்கு அலமாரி, ஆறுக்கு நான்கு" என்று ஒரே வரி இருக்கும். வக்ஃபுப் பணத்துக்கு இந்த ஒரு வரி போதாது. முகப்பு, சட்டம், தட்டு, இழுப்பறை, முதுகு என ஐந்து இடங்களுக்கும் மரத்தின் பெயரையும், வைரமா வெள்ளையா என்பதையும், பலகையின் கனத்தையும் எழுதி வாங்கினால் ஹனஃபி முறையில் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஷாஃபிஈ முறைக்கு ஏற்ற வழி நம் கிராமங்களில் முன்பே வழக்கில் இருந்தது. கொல்லையில் சாய்ந்த வேம்பையோ பூவரசையோ அறுத்து, ஓராண்டு நிழலில் அடுக்கி உலர்த்தி, தச்சரை வீட்டுக்கே அழைத்துத் திண்ணையில் வேலை வாங்குவார்கள். மரம் வீட்டுக்காரருடையது, தச்சருக்குரியது கூலி. அது விற்பனை ஆகாது, 'இஜாரா' எனும் கூலி ஒப்பந்தமே ஆகும். ஹனஃபி நூல்களும் இவ்வாறே பிரித்துக் கூறுகின்றன. கொல்லை மரம் இல்லாதவர்கள் இன்றும் மரக்கடையில் தேக்கு இத்தனை கன அடி, வேம்பு இத்தனை, வாகை இத்தனை என்று மூன்று வரியாக ரசீது போட்டு வாங்கி, தச்சருக்குக் கூலியை நான்காவது வரியாக எழுதிக்கொள்ளலாம்.